பதினான்காம் அறையின் மாணிக்கம் குடும்பம்

ஜூன் 9, திங்கள்

காலை 99.1. மதியம் 98.8. மாலை 99.4.

தினமும் மூன்று வேளை காய்ச்சல் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். மூன்று எண்களுக்கு ஒரு முழுப் பக்கம் எதற்கு? மிச்ச இடத்தில் மற்றதையும் எழுதப்போகிறேன். சங்கரன்கோவிலை விட்டு மும்பை வரை வந்திருக்கிறோம். பாஷை தெரியாது, ஆள் தெரியாது. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் எழுத்தில் இருப்பது நல்லது.

மகள் இந்துஜாவுக்குப் பத்து வயது. முழங்காலுக்கு மேலே எலும்பில் கட்டி. ஊசிகள் போட்டுக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஜூலையில் ஆபரேஷன் செய்வார்களாம். அதுவரை தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் மாலையில் திரும்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, நோயாளிகளின் குடும்பங்களுக்காக ஒரு டிரஸ்ட் நடத்தும் விடுதி இது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அறை கிடைக்காதவர்கள் மேம்பாலத்துக்கு அடியில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். டாக்சியில் வரும்போது பார்த்தேன். மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. இந்துவின் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கீழே அலுவலகத்துக்குள் போய் ஒன்றரை மணி நேரம் ஆனது. நானும் இந்துவும் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். வரும்போது தனியாக வரவில்லை. கூடவே முப்பது, முப்பத்திரண்டு வயதில் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் தலையில் துணி கட்டிய, ஒல்லியான இன்னொருத்தி.

“ரூம் கெடச்சிட்டு. இவுகளும் நம்மகூட இருப்பாக” என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

அறைக்கு வந்தபிறகு விசாரித்தேன். இங்கே பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். நமக்கு ஏது அதெல்லாம்? நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல இவரும் தன் அப்பா பெயரைப் போட்டிருக்கிறார். செல்லப்பா மாணிக்கம். ஆரணியிலிருந்து வந்த இந்த இரண்டு பேருடைய அப்பா பெயரும் மாணிக்கமாம். தமயந்தி மாணிக்கம், சுபத்திரா மாணிக்கம். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அண்ணனும் தங்கைகளும் என்று ஒரே குடும்பமாகச் சேர்த்துவிட்டது. அதாவது எங்களுக்குக் கொடுத்த அறையில் அவர்களை நுழைத்துவிட்டார்கள்.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். “சொல்லாத. சொன்னா ரூம் போயிரும்” என்றார். யாருக்குப் போகும்? அவர்களுக்குத்தானே? போகட்டுமே. இவருக்கு எப்போதும் ஊரார் கஷ்டம்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

காலை 98.9. மதியம் 99.0. மாலை 99.2.

ஆண்கள் கீழே கூடத்தில்தான் படுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நான்கு கட்டில் உள்ள இந்த அறையில் நான், இந்து, அவர்கள் இருவர். என் பழைய சேலை ஒன்றை இரண்டாக வெட்டி, ஓரம் அடித்து, நடுவில் திரையாகக் கட்டிவிட்டேன். ஊரில் நைட்டி தைக்கிறவள் நான், மிஷின் இல்லாமல் கையாலேயே அரை மணியில் முடித்தேன். தமயந்தி திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சூப்பரா தச்சிருக்கீங்க அண்ணி” என்றாள்.

மேனேஜர் முன்னால் அண்ணி என்றால் சரி. அங்கே நாடகம் ஆட வேண்டியிருக்கிறது. மேலே, கதவைச் சாத்திய பிறகும் அண்ணி எதற்கு? யாரும் பார்க்காதபோதும் வேஷத்தைக் கலைக்காத ஆளிடம் கவனமாக இருக்க வேண்டும்.

அவளுக்கு ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு. புருஷன் பட்டாளத்தில் இருந்தாராம், ஜபல்பூரில் எட்டு வருஷம் இருந்தார்களாம். புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன் விபத்தில் இறந்துவிட்டாராம். எல்லாம் ‘ஆம்’தான். நான் நேரில் பார்த்தேனா? தங்கை சுபத்திராவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்பது மட்டும் நிஜம். அந்தப் பிள்ளையின் நகங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

ஜூன் 13, வெள்ளி

காலை 99.0. மதியம் 99.3. மாலை 99.1. பொது அடுப்படியில் நான் வைத்த பால் பாக்கெட் ஒன்றைக் காணோம்.

ஜூன் 14, சனி

காலை 98.8. மதியம் 98.8. மாலை 99.0.

பால் கிடைத்துவிட்டது. பாக்கெட்டில் ஓட்டை இருந்ததாம், கெட்டுப்போகும் என்று தமயந்தி காய்ச்சி இந்துவின் பாத்திரத்தில் ஊற்றி மூடிவைத்தாளாம். கேட்ட பிறகு சொல்கிறாள். கேட்காமல் இருந்திருந்தால்? அளந்து பார்த்தேன், பால் சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் கூடவே இருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலை 98.6. மதியம் 99.0. மாலை 99.2.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என் மாமனார் மாணிக்கம் லாரி ஓட்டினவர். புளியங்குடி எலுமிச்சையை ஏற்றிக்கொண்டு வேலூர் மண்டிக்குப் போவார். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வேலூருக்குப் பக்கத்தில்தானே ஆரணி? தமயந்தி தலைமுடியை ஒதுக்கியபோது காதைப் பார்த்தேன். மடல் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவருக்கும் அப்படித்தான், மாமனாருக்கும் அப்படித்தான். கம்ப்யூட்டர் தெரியாமல் சேர்த்ததா, தெரிந்துதான் சேர்த்ததா?

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், உங்கள் அப்பா என்ன தொழில் என்று. தெருக்கூத்து கட்டுவாராம். அர்ச்சுனன் வேஷம், நளன் வேஷம். அதனால்தான் பிள்ளைகளுக்குத் தமயந்தி, சுபத்திரா என்று பெயர் வைத்தாராம். என் மாமனாருக்குத் தாலாட்டுகூட ராகமாக வராது. ஆனாலும் வெளியூரில் ஓர் ஆள் எப்படியெல்லாம் இருப்பான் என்று யார் கண்டது?

மதியம் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது இவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார் பாருங்கள், நர்ஸ் திரும்பிப் பார்க்கும்படி.

“எங்கய்யாவா? லாரிய விட்டு எறங்குனா நம்ம வீட்டுக்கே வழி கேட்டுத்தான் வருவாரு. ரெண்டாவது வீட்டுக்கு எங்குட்டுப் போவாரு?”

மூன்று மாசத்துக்குப் பிறகு இவர் சிரித்ததை இன்றுதான் பார்க்கிறேன். இந்துவும் காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். சந்தேகம் தீர்ந்ததோ இல்லையோ, கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 20, வெள்ளி

காலை 99.0. மதியம் 99.4. மாலை 99.3.

தமயந்தி குளிக்கப் போயிருந்தாள். அவள் பை கட்டிலிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. எடுத்து வைக்கலாம் என்று போனேன். ஜிப் திறந்துகொண்டது. உள்ளே இருந்த கவரும், கவருக்குள் மடித்திருந்த காகிதமும் கைக்கு வந்துவிட்டன.

விடுதியின் முத்திரை போட்ட காகிதம். மேலே 14 என்று எங்கள் அறை எண். இங்கிலீஷ் பெரிய எழுத்துகளை நான் கூட்டிப் படிப்பேன். தமயந்தி மாணிக்கம், சுபத்திரா மாணிக்கம் என்று இரண்டு பெயர்கள் அச்சில் இருக்கின்றன. எங்கள் பெயர் அச்சில் இல்லை. அடியில் பேனாவால் ஹிந்தியில் ஏதோ ஒரு வரி கிறுக்கி, கையெழுத்து போட்டிருக்கிறது.

இப்போது எல்லாம் விளங்குகிறது. தினமும் அலுவலகத்து வாசலில் நின்று அந்த மேனேஜரிடம் சிரித்துப் பேசுவது எதற்கு? எங்கள் அறையைத் தன் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டாள். இனி ஒரு நாள் எங்களைப் பெட்டியோடு வெளியே நிறுத்தினாலும் கேட்பதற்கு நாதி இல்லை. எனக்கு மேம்பாலத்தடியில் பிஸ்கட் தின்ற அந்தக் குழந்தைதான் நினைவுக்கு வந்தது.

காகிதத்தை இருந்தபடியே மடித்து வைத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

காலை 99.2. மதியம் 99.2. மாலை 99.6.

இவரிடம் சொன்னேன். என்ன காகிதம், எப்படிப் பார்த்தாய் என்று இரண்டு முறை கேட்டார். பை விழுந்த விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. “ஏ முப்பி, உனக்கு எதுக்கு இந்த வேல? கெடக்குற எடத்துல கெட” என்று மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை இந்துவின் மாத்திரைக்கு மாற்றிவிட்டார்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பிடாதி என்று முழுப்பெயர் சொன்னால் கோபம், முப்பி என்றால் மழுப்பல். இது மழுப்பல்.

ஜூன் 24, செவ்வாய்

காலை 99.8. மதியம் 100.0. மாலை 100.4.

இந்துவுக்கு ரத்த அணுக்கள் மிகவும் இறங்கிவிட்டன. ஊசியின் வேலை அது, தானாக ஏறும், ஆனால் ஏறும் வரைக்கும் ஒரு சின்னக் கிருமிகூடப் பக்கத்தில் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி எனக்கு அதை ஒருமுறைக்கு இருமுறை எடுத்துச் சொன்னாள். இருமல், சளி உள்ளவர் யாரும் இந்து இருக்கும் அறையில் இருக்கவே கூடாது.

அறைக்கு வந்தால் சுபத்திரா இருமுகிறாள்.

தமயந்தி அவளுக்கு முகமூடி கட்டிப் பகல் முழுக்க வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தாள். மழைச் சாரல் அடித்ததும் உள்ளே கூட்டிவந்துவிட்டாள். ஊசி போட்டதில் தொண்டை புண்ணாகி வருகிற இருமல், ஒட்டாது, டாக்டரைக் கேட்டுவிட்டேன் என்கிறாள். இவள் டாக்டரா? திரைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு இருமலுக்கும் இந்துவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையும் பாவம்தான், வாயைத் தலையணையில் அழுத்திக்கொண்டு இருமுகிறது. ஆனால் என் பிள்ளை செத்துப்போனால் யார் பாவம்? எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

ஜூன் 25, புதன்

காலை 100.6. மதியம் 101.

இந்துவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். இவர் கூட இருக்கிறார். ஒருவருக்குத்தான் அனுமதி. நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த நோட்டின் நடுவில் ஒரு தாள் கிழிந்திருக்கிறது. பால் சிந்திவிட்டது, அதனால் கிழித்தேன்.

ஜூன் 26, வியாழன்

வார்டில் அவர்களே காய்ச்சல் பார்க்கிறார்கள்.

மாடிப்படிக்கு அடியில் புகார்ப் பெட்டி ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. நிறையப் பேர் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, சனி

மதியம் 99.6 என்று இவர் போனில் சொன்னார். இறங்குகிறது. சாமி.

பதினொரு மணிக்கு மேனேஜர் ஆள் அனுப்பித் தமயந்தியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக வந்து இந்துவுக்குக் கஞ்சிக்கு அரிசி கழுவினாள். என்ன விஷயம் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல அண்ணி. பொட்டியில ஏதோ மனு வந்திருக்குதாம். தமிழ்ல இருக்குது, படிச்சிச் சொல்லும்மான்னாரு.”

மனுவில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குக்கர் மூன்று விசில் அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை, அவள்தான் வந்து அடுப்பை அணைத்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. அவள் துணி துவைத்துக் காயப்போட்டாள். என் துணிகளையும் சேர்த்து. எதற்காக இப்படி நடந்துகொள்கிறாள்? என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறாள்?

ஜூன் 30, திங்கள்

காலையில் கதவைத் தட்டினார்கள். வந்தேவிட்டது என்று எழுந்தேன். தோளில் பையும் கையில் ஸ்பானருமாக ஒரு ஆள். குழாய் ரிப்பேர்காரர். தமயந்தி சுபத்திராவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

அவர் குளியலறைக்குள் போய்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்தார், மூடினார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. கோபம் வந்துவிட்டது அவருக்கு. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, குழாயைக் காட்டி, காகிதத்தைக் காட்டி, ஹிந்தியில் கத்தினார்.

கோடு போட்ட நோட்டுத் தாள். என் கையெழுத்து. அதன்மேல் சிவப்பு மையில், ஹிந்தியில் மேனேஜரின் குறிப்பு. கீழே 14.

ஆமாம், நான்தான் எழுதினேன். பாலும் சிந்தவில்லை, பையும் தானாக விழவில்லை. ‘14ஆம் அறையில் இருக்கும் தமயந்தியும் சுபத்திராவும் அந்தக் குடும்பமே இல்லை. அண்ணன் தங்கை என்பது பொய். ஏமாற்றி இடம் பிடித்திருக்கிறார்கள். நோயைப் பரப்புகிறார்கள். உடனே வெளியேற்றி ஒரு குழந்தையைக் காப்பாற்றவும். இப்படிக்கு, உண்மை விரும்பி.’ மும்பையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாமலா போவார், யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள் என்று தைரியமாகப் போட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் ஐந்தடியில் படுத்திருப்பவளின் நினைவே எனக்கு வரவில்லை. ஜன்னலில் இந்த நோட்டைத் தினமும் திறந்தே வைத்திருக்கிறேன், காய்ச்சல் எவ்வளவு என்று அவளும் தினமும் பார்ப்பாள். என் எழுத்து அவளுக்குத் தெரியாதா?

அதைக் கையில் வைத்துக்கொண்டு, குழாய் ஒழுகுகிறதாம் என்று மேனேஜருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

வார்டுக்கு ஓடினேன். இவரை வராந்தாவுக்கு இழுத்துவந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் சொன்னேன். இவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“அன்னைக்கு கவுண்டர்ல நமக்கு ரூமே இல்ல முப்பிடாதி. பிள்ள பேருக்குப் பின்னால என் பேரு. என் பேருக்குப் பின்னால எங்கய்யா பேரு. ரெண்டும் ஒண்ணா இல்லயே, நீ எப்படி இதுக்கு அப்பன்னு கேட்டு, குடும்பமே இல்லன்னு தள்ளிட்டான். எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியல. பின்னால வரிசையில நின்னது அந்தத் தமயந்திப் பிள்ளதான். ரூம் அதுக்கு வந்த ரூம். என் ஆதார் கார்ட வாங்கிப் பாத்துச்சு. மாணிக்கம்னு இருந்துச்சா, இவரு எங்க அண்ணன்னு சொல்லிட்டு.”

அந்தக் காகிதத்தில் பேனாவால் கிறுக்கியிருந்த வரி அதுதானாம். அண்ணன் குடும்பமும் கூடத் தங்கும், இப்படிக்கு தமயந்தி.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஓசி இடம் என்று தெரிந்தால் நீ ஒரு நாள் அங்கே இருப்பாயா என்று திருப்பிக் கேட்டார். அவள் ஏன் செய்தாள் என்றேன்.

“நீங்க ரெண்டு பேரும் பெட்டிமேல உக்காந்திருந்தத ஜன்னல் வழியாப் பாத்துச்சு. அவ்வளவுதான்.”

கடிதத்தில் இருந்ததை இருந்தபடியே அவள் படித்திருந்தால் வெளியே போயிருக்க வேண்டியவர்கள் நாங்கள். என் கையாலேயே என் பிள்ளையைத் தெருவில் இறக்கப் பார்த்திருக்கிறேன். அவமானமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

காலை 98.4. மதியம் 98.6. மாலை 98.4.

நேற்று இந்து அறைக்குத் திரும்பிவிட்டாள். பதினாலாம் தேதி ஆபரேஷன்.

தமயந்தியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் அடுப்படியில் வேறு யாரும் இல்லை. அவள் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். “தமயந்தி, அந்தக் கடுதாசி...” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கஞ்சியை டம்ளரில் ஊற்றினாள். ஆடை படியாமல் ஸ்பூனால் ஒதுக்கினாள்.

“அந்த மேனேஜருக்கு தமிழ் தெரியாதது நல்லதாப் போச்சு அண்ணி” என்றாள். குரலில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. “இனிமே எதுனா எழுதணும்னா எங்கிட்ட சொல்லுங்க. நானே ஹிந்தியில எழுதித் தரேன்.”

டம்ளரை என் கையில் வைத்துவிட்டு, தங்கைக்கு வெந்நீர் போட அடுப்பைப் பற்றவைத்தாள். நான் அங்கேயே நின்றேன். டம்ளர் சுட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அறைக்கு வந்து இந்துவுக்குக் கஞ்சி கொடுத்தேன். முக்கால் டம்ளர் குடித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் சுபத்திரா இருமியபோது, எழுந்து போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.